கதிரவனை நோக்கிய காரிங்டன்

கண்டதைக் கண்டவாறே உரைத்தலும், துணியாததைத் துணிந்ததாக உரையாமையும் அறிஞர்க்கு அணிகளாம். அவ்வணிகளைப் பூண்டு விளங்கியவர் இரிச்சர்டு காரிங்டன் என்னும் ஆங்கில வானநூலறிஞர்.

அவர் 1826 ஆம் ஆண்டு மே மாதம் 26 ஆம் நாள் இலண்டன் மாநகரில் பிறந்தார். அவர்தம் தந்தையார் மது வடிக்கும் ஆலையொன்றின் உரிமையாளர். காரிங்டன் சமயகுரு ஆதற்பொருட்டுக் கேம்பிரிட்சுப் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். ஆயின், ஆங்குக் கேட்ட வானநூற் சொற்பொழிவுகள் அவருடைய உள்ளத்தை விண்பால் திருப்பின.

பின்னர் இரெட்ஹில் என்னும் ஊரில் தம் பொருளைக் கொண்டே ஓர் வான்நோக்கு நிலையம் அமைத்தார். இரவில் விண்மீன்களை அளந்தார். 3,735 விண்மீன்களின் அட்டவணையை 1857 இல் வெளியிட்டார். பகலில் ஞாயிற்றின் உருவைத் திரையில் வீழ்த்தி, அதன் கரும்புள்ளிகளை வரைந்தார். ஞாயிற்றின் நடுப்பகுதி பிற பகுதிகளினும் விரைந்து சுழல்வதை அதனால் அறிந்தார். 1858 இல் தந்தையார் மறைந்தார். ஆலைப் பொறுப்பு அவர் தலைமேல் வீழ்ந்தது. எனினும், அவர் தம் பணியைக் கைவிட்டாரல்லர்.

1859 ஆம் ஆண்டு செப்டம்பர் முதல் நாள் முற்பகல் 11 மணி 18 நிமிடம். கரும்புள்ளிக் கூட்டத்தின்மேல் வெண்ணிற ஒளித்திட்டுகள் இரண்டு திடீரெனத் தோன்றின. சான்றுக்கு ஒருவரை அழைத்துவர ஓடினார். ஒரு நிமிடத்திற்குள் மீண்டபோது ஒளி மிகவும் மங்கியிருந்தது. சில நிமிடங்களில் முற்றும் மறைந்தது. நற்பேறாக, ஹாட்சன் என்பாரும் வேறோர் இடத்திலிருந்து அதனைக் கண்டிருந்தார்.

ஏறத்தாழப் பதினேழரை மணி நேரத்திற்குப்பின் பெருங் காந்தப்புயல் எழுந்தது. துருவ ஒளி கியூபாத் தீவு வரையில் தோன்றிற்று. தந்திக் கம்பிகளில் தீப்பொறி பறந்தது. பம்பாய்க் கொலாபா ஆய்வகத்துக் கருவியும் நிலக்காந்த வலிமை பெரிதும் தாழ்ந்ததைக் குறித்தது. காரிங்டன் இவ்விரு நிகழ்ச்சிகளின் நெருக்கத்தைச் சுட்டினார். ஆயினும், ஒருமுறை கண்டதுகொண்டு முடிவு கூற ஒருப்படவில்லை. 1875 இல் அவர் காலமானார்.

அவர் துணியாது விட்டதைப் பின்னோர் நிறுவினர். ஞாயிறு வீசியெறியும் மின்னேற்ற வளிமம் நிலவுலகின் காந்தக் கவசத்தைத் தாக்குகின்றது. அப்போது உலகைச் சூழ்ந்தோடும் வளைய மின்னோட்டம் பெருகி, நிலக்காந்தத்தைத் தளர்த்துகின்றது. 1958 இல் கண்டறியப்பட்ட கதிர்வீச்சு வளையங்களும் நிலை குலைகின்றன. 1989 மார்ச்சு 13 இல் எழுந்த காந்தப்புயலால் கனடாவின் குவிபெக்கு மாநிலம் ஏறத்தாழ ஒன்பது மணி நேரம் மின்சாரமின்றி இருளில் ஆழ்ந்தது.

செயற்கைக்கோள்களையும் மின்கம்பிகளையும் காக்க இன்று ஞாயிறு இடையறாது கண்காணிக்கப்படுகின்றது. அப்பணிக்கு வழிகாட்டியது காரிங்டனின் அயராத நோக்கே ஆகும்.