மாமன்னர் பீட்டரின் கடைசல்காரர்

ரயில்வே பட்டறையிலும் ஆலைகளிலும் லேத் முன் நிற்கும் நம்மவர்கள் டூல் போஸ்டில் உளியைப் பூட்டிவிட்டுக் கைப்பிடியைச் சுழற்றினால் போதும். முன்னாளில் அப்படியல்ல. உளியைக் கையால் இறுகப் பிடித்தே மரத்தையும் தந்தத்தையும் கடைய வேண்டும். கை நடுங்கினால் வேலை பாழ். இந்தக் குறையை முதன்முதலில் நீக்கியவர்களுள் ஒருவர் ரஷ்யாவின் ஆந்திரேய் நார்த்தோவ்.

1693-ல் பிறந்த அவர், மாஸ்கோ கடற்பயணப் பள்ளியின் கடைசல் பட்டறையில் தொழில் பயின்றார். கடைசலில் மோகம் கொண்டிருந்த மாமன்னர் பீட்டர் 1712-ல் அவரைத் தலைநகருக்கு அழைத்துக்கொண்டார். மன்னர் அறையை அடுத்தே பட்டறை. மந்திரிகளே அனுமதியின்றி நுழைய முடியாத அந்த இடத்தில், மன்னரும் தொழிலாளியும் அருகருகே நின்று தந்தம் கடைந்தார்கள்.

அங்கே உருவானவை அலங்காரக் கடைசல் இயந்திரங்கள். சாதாரண லேத் உருண்டையாக மட்டுமே கடையும். இவையோ பூவிதழ் போன்ற வளைவுகளையும், பதக்கத்தில் உள்ள முகத்தையும் கூடச் செதுக்கும். ஒரே தண்டில் ஒருபுறம் மாதிரி உருவம், மறுபுறம் செதுக்க வேண்டிய பொருள். மாதிரியை ஒரு முனை தடவிச் செல்ல, அதன் மேடுபள்ளங்களுக்கேற்ப உளி மறுபுறத்தில் வெட்டும். உளியைப் பிடித்திருப்பது கையல்ல. பற்சக்கரங்களால் நகரும் தாங்கி. இங்கிலாந்தின் மாட்ஸ்லி இரும்பு லேத்தில் இத்தகைய தாங்கியைப் பரவச் செய்தது 1800-ஐ ஒட்டித்தான்.

1718-ல் நார்த்தோவ் வெளிநாடு அனுப்பப்பட்டார். ரஷ்யர்களை விஞ்சும் கடைசல்காரர் எவரையும் லண்டனில் காணவில்லை என்று மன்னருக்கு எழுதினார். பாரிஸில் ஆர்லியன்ஸ் கோமகனே அவரிடம் தொழில் கற்றார். அவருடைய லேத் ஒன்று இன்றும் பாரிஸ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

1725-ல் பீட்டர் மறைந்தார். அரண்மனையில் நார்த்தோவின் செல்வாக்கும் அத்துடன் போயிற்று. மாஸ்கோ நாணயச்சாலை வேலைக்குப் பின், 1735-ல் விஞ்ஞானக் கழகத்தின் இயந்திரப் பட்டறைக்கு வந்தார். அங்கே சம்பளம் மாதக்கணக்கில் பாக்கி. நிர்வாகியான ஷூமாகரோ பணத்தைத் தன் விருப்பப்படி செலவிட்டார். பிறர் முணுமுணுத்தபோது, நார்த்தோவ் 1742-ல் மேலிடத்தில் புகார் செய்தார். ஷூமாகர் காவலில் வைக்கப்பட்டார். கழகப் பொறுப்பு நார்த்தோவிடம் வந்தது. ஆனால் அந்நிய மொழி அறியாத கடைசல்காரனுக்குக் கீழே பணியாற்றப் பண்டிதர்களுக்கு மனமில்லை. அவரும் கண்டிப்பு மிக்கவர், இதமாகப் பேசத் தெரியாதவர். ஆவண அறைக்கே முத்திரை வைத்துவிட்டார். 1743 முடிவதற்குள் ஷூமாகர் திரும்பி வந்தமர்ந்தார். புகார் செய்தவர் பட்டறைக்கே திரும்பினார்.

அவர் சோர்ந்துவிடவில்லை. சுழலும் வட்டமேடையில் 44 சிறு பீரங்கிகளைப் பொருத்தி, ஒரு பகுதி சுடும்போதே மறுபகுதியில் மருந்து நிரப்பும் ஏற்பாட்டை 1741-லேயே செய்திருந்தார். பீரங்கிப் படைக்காக அவர் செய்த புதுமைகளுக்கு 1746-ல் 5,000 ரூபிள் பரிசு கிடைத்தது. சோதனைகளுக்குக் கைப்பணத்தையும் கொட்டியதால் கடன் மட்டும் தீரவில்லை.

தம் இயந்திரங்கள் அனைத்தையும் படங்களுடன் விளக்கிப் பெரிய நூலொன்றை எழுதி முடித்து, 1756-ல் கண்மூடினார். கடன் குடும்பத்தின் தலையில் விழுந்தது. நூல் அச்சேறாமல் அரசு நூலகத்தில் ஏறக்குறைய இருநூறு ஆண்டுகள் கிடந்தது. கல்லறையும் மறக்கப்பட்டு, 1950-ல்தான் கண்டுபிடிக்கப்பட்டது. விஞ்ஞானி லொமனோசோவ் துயிலும் அதே மயானத்துக்கு அவரது எச்சங்கள் மாற்றப்பட்டன. பழைய கல்லில் அவர் பிறந்த ஆண்டு 1680 என்று தவறாகவே பொறிக்கப்பட்டிருந்தது.