டாலிகஞ்சுக்கு வந்த விருந்தாளி: எம். கே. தியாகராஜ பாகவதர்

வெளியூர் நடிகரோ சங்கீத வித்துவானோ கல்கத்தாவுக்கு வந்தால், தொலைக்காட்சி நிலையத்தார் அவரை விருந்தினராக அழைத்து, நாற்காலியில் அமர்த்தி, நாலு கேள்வி கேட்டு, ஒரு பாட்டும் பாடச் சொல்லி நமக்குக் காட்டுவது வழக்கம். நாமும் குடும்பத்தோடு அமர்ந்து பார்த்து மகிழ்கிறோம். இந்நகரில் தொலைக்காட்சி நிலையம் 1975 ஆகஸ்டு 9 ஆம் நாள் தொடங்கியது. அதன் முதல் இருப்பிடம் டாலிகஞ்சில் இருந்த ராதா ஸ்டூடியோ. லேக் மார்க்கெட்டில் வாழைக்காயும் முருங்கைக்காயும் வாங்கும் நம்மவர், ராஷ்பிஹாரி அவென்யூவில் டிராம் ஏறினால் சிறிது நேரத்தில் டாலிகஞ்சை அடைந்துவிடலாம் என்றிருந்த காலம் அது.

அந்த நிலையம் தோன்றுவதற்கு ஏறக்குறைய நாற்பது ஆண்டுகளுக்கு முன்னரே, அதே டாலிகஞ்சிற்குத் தமிழ்நாட்டிலிருந்து விருந்தாளியாக வந்து, பாடி நடித்துச் சென்றவர் ஒருவர் உண்டு. தொலைக்காட்சி நாற்காலியில் அமரும் வாய்ப்பு அவருக்குக் கிட்டவில்லை. நம் இல்லத்துப் பெரியவர்களிடம் அவர் பெயரைச் சொன்னாலே முகம் மலரும்; பிள்ளைகளோ அவரை அறியார். ஆகவே எம். கே. தியாகராஜ பாகவதரின் சரித்திரத்தை இம்மலரில் சுருங்கச் சொல்ல முற்பட்டோம்.

மாயவரத்தில் 1910 ஆம் ஆண்டு, பொற்கொல்லர் மரபில், கிருஷ்ணமூர்த்தி ஆசாரியின் மகனாகத் தோன்றியவர் அவர். குடும்பம் திருச்சிராப்பள்ளியில் குடியேறியது. குலத்தொழிலிலும் பள்ளிப் படிப்பிலும் அவர் மனம் செல்லவில்லை, பாட்டிலேயே சென்றது. ரயில்வே அதிகாரியாக இருந்துகொண்டே நாடகக் கலைக்குத் தொண்டாற்றிய எப். ஜி. நடேச ஐயர், அச்சிறுவனின் குரலைக் கேட்டு, அரிச்சந்திர நாடகத்தில் லோகிதாசன் வேடத்தை அளித்தார். பின்னர் மதுரை பொன்னு ஐயங்காரிடம் முறையாகச் சங்கீதம் பயின்றார். குரல் தெய்வ அருளாக வாய்த்ததாயினும், சாதகத்தால் பண்பட்ட பின்னரே அது மேடைக்கு வந்தது என்பதை இன்று பாட்டுப் பயிலும் நம் குழந்தைகள் கருத வேண்டும்.

1926 இல் திருச்சியை அடுத்த பொன்மலையில் ‘பவளக்கொடி’ நாடகத்தில் அருச்சுனனாகத் தோன்றினார். கடைசி வரிசையில் இருப்பவரின் செவிக்கும் வெறுங் குரலே எட்ட வேண்டிய நாள் அது. அதே கதை 1934 இல் கே. சுப்பிரமணியம் இயக்கத்தில் திரைப்படமாயிற்று. அதுவே பாகவதருக்கும் இயக்குநருக்கும் முதற்படம். எஸ். டி. சுப்புலட்சுமி கதாநாயகியாக நடித்தார்.

அந்நாளில் சென்னையில் பேசும் படக் கலை தொட்டிற் பருவத்தில் இருந்தது. 1934 இல்தான் அங்கே முதல் ஒலிப்பட ஸ்டூடியோ எழுந்தது. தேர்ந்த ஒலிப்பதிவுக் கருவிகளை நாடிய தமிழ்ப் பட முதலாளிகள், நடிகர்களையும் வாத்தியக்காரர்களையும் அழைத்துக்கொண்டு பம்பாய்க்கும் கோலாப்பூருக்கும் கல்கத்தாவுக்கும் ரயிலேறினர். அவ்வாறே மதுரை ராயல் டாக்கீஸாரின் ‘சிந்தாமணி’ படத்திற்காகப் பாகவதர் டாலிகஞ்சு ஈஸ்ட் இந்தியா பிலிம் கம்பெனி ஸ்டூடியோவிற்கு வந்து சேர்ந்தார். ஒய். வி. ராவ் இயக்கிய அப்படம் 1937 இல் வெளிவந்தது. அது வில்வமங்களனின் கதை. வங்காளிகளுக்கு அது புதிதன்று. கிரீஷ் சந்திர கோஷ் அதனை நாடகமாக்கியிருந்தார். 1919 இல் இந்நகரில் ஊமைப்படமாகவும் எடுக்கப்பட்டிருந்தது. வங்காளம் போற்றிய கதையைத் தமிழன் வங்க மண்ணில் நின்று தமிழில் பாடினான் என்பது நமக்கெல்லாம் இனிய செய்தியன்றோ! படம் ஓராண்டுக்கு மேல் ஓடியது. அதன் வருவாயைக் கொண்டு மதுரையில் சிந்தாமணி என்ற பெயராலேயே ஒரு தியேட்டர் எழுந்தது.

அதே ஆண்டில் வெளிவந்த ‘அம்பிகாபதி’யும் இதே ஸ்டூடியோவில் உருவாயிற்று. இயக்குநர் எல்லிஸ் ஆர். டங்கன் அமெரிக்கர், தமிழ் அறியாதவர். கம்பரின் மகன் கதையை அமெரிக்கர் ஒருவர் இயக்க, தமிழர் நடிக்க, கல்கத்தா இடம் அளித்தது. இவ்விரு படங்களும் பாகவதரைத் தமிழகத்தின் தலைசிறந்த நட்சத்திரமாக்கின. அவரைப்போல் தலைமுடி வளர்த்துக்கொள்வது இளைஞரிடையே நாகரிகமாயிற்று.

இங்கே ஒரு வியப்பைச் சொல்ல வேண்டும். அக்காலத்தில் நடிகர் காமிராவின் முன் நடித்துக்கொண்டே பாட வேண்டும். வாத்தியக்காரர் காமிராவின் பார்வைக்கு அப்பால் அமர்ந்து வாசிப்பர். ஓர் எழுத்துப் பிசகினாலும் மீண்டும் முதலிலிருந்து தொடங்க வேண்டும். இந்தச் சிரமத்தைத் தீர்க்கப் பாட்டை முன்னதாகவே பதிவு செய்யும் முறையை 1935 இல் ‘பாக்கிய சக்கரம்’ என்னும் வங்காளிப் படத்தில் கையாண்டவர்கள், இதே கல்கத்தாவின் நியூ தியேட்டர்ஸார். தமிழில் 1938 இல் ‘நந்தகுமார்’ படத்தின் வழியாகப் பின்னணிப் பாடல் வந்தது. பாடத் தெரியாதவரும் கதாநாயகராகலாம் என்ற நிலை அதன் பின்னர் மெல்ல மெல்ல உண்டாயிற்று. பாடும் நடிகராகிய பாகவதருக்குப் புகழ் தந்த நகரமே, அத்தகைய நடிகரின் தேவையை ஒழித்த கலைக்கும் பிறப்பிடமாயிற்று.

‘திருநீலகண்டர்’ 1939 இலும், ‘அசோக்குமார்’ 1941 இலும், ‘சிவகவி’ 1943 இலும் வந்தன. 1944 தீபாவளிக்கு வெளிவந்த ‘ஹரிதாஸ்’ சென்னை பிராட்வே தியேட்டரில் மூன்று தீபாவளிகளைக் கண்டது. ஆனால் அந்த இரண்டாம் தீபாவளியின்போது அதன் கதாநாயகர் சிறையில் இருந்தார். பத்திரிகையாசிரியர் லட்சுமிகாந்தன் 1944 நவம்பரில் கொலையுண்டார். அவ்வழக்கில் பாகவதரும் நகைச்சுவை நடிகர் என். எஸ். கிருஷ்ணனும் கைதாகி, 1945 இல் ஆயுள் தண்டனை பெற்றனர். வழக்கு லண்டன் பிரிவி கவுன்சில் வரை சென்று, மறு விசாரணைக்காகச் சென்னை உயர்நீதிமன்றத்திற்குத் திரும்பியது. 1947 ஏப்ரலில் இருவரும் குற்றமற்றவரென விடுதலையாயினர்.

சட்டம் அவரை விடுவித்தது. காலம் பழைய இடத்தைத் திருப்பித் தரவில்லை. ஒப்பந்தமாகியிருந்த படங்கள் கைநழுவின, செல்வம் கரைந்தது. கல்கத்தாவின் பாடும் நட்சத்திரமும், தமிழ்ப் பாடல்களையும் பாடியவருமான சைகல் அதே 1947 ஜனவரியில் மறைந்திருந்தார். ‘ராஜமுக்தி’ 1948 இல் வந்து வெற்றி காணவில்லை. 1952 இல் ‘அமரகவி’யும் ‘சியாமளா’வும் வந்தன, ஆனால் அது ‘பராசக்தி’யின் ஆண்டு. மக்கள் பாட்டைக் காட்டிலும் வசனத்தைக் கேட்கத் திரளாகச் சென்றனர். 1957 இல் அவரே இயக்கி நடித்த ‘புது வாழ்வு’ம் பெயருக்கேற்ற பலனை அளிக்கவில்லை.

எனினும் பாகவதர் பாடுவதை நிறுத்தவில்லை. கோயில்களிலும் கச்சேரி மேடைகளிலும் பாடினார். திரை கைவிட்டபின்னும் சங்கீதம் அவரைக் கைவிடவில்லை. இளமையில் செய்த சாதகமே முதுமை எய்தாத அவ்வாழ்வின் கடைசித் துணையாயிற்று. நோய்வாய்ப்பட்டு 1959 நவம்பர் 1 ஆம் நாள் சென்னையில் காலமானார். வயது ஐம்பதைத் தொடவில்லை. இந்தியாவில் முதன்முதலாகத் தில்லியில் சோதனைத் தொலைக்காட்சி தொடங்கியது 1959 செப்டம்பர் 15 ஆம் நாள். அதற்கு நாற்பத்தேழு நாட்களுக்குப் பின் அவர் மறைந்தார். அவர் நடித்த ‘சிவகாமி’ மறைவுக்குப் பின்னர், 1960 இல் வெளிவந்தது. அவர் நடித்த படங்கள் பதினான்கே. அவற்றுள் தம் வேடத்திற்குரிய பாட்டுகளை அவரே பாடினார்.

இச்சரித்திரத்தால் நம் காலனிக் குடும்பங்கள் பெறக்கூடிய பயன் யாது? புகழ் உச்சியில் இருப்பவரை அழைத்து மாலையிடுவது எளிது. சங்கங்களும் சபைகளும் தொலைக்காட்சி நிலையங்களும் அதனை நன்கு செய்கின்றன. புகழ் குன்றியிருக்கும் கலைஞரை அழைத்து, முன்வரிசையில் அமர்த்தி, அவர் பாட்டை அமைதியாகக் கேட்பதே அரிது. நம் தெருக்களிலும் முன்னாளில் மேடையேறிய முதியோர் சிலர் இருக்கக்கூடும்; பிள்ளைகளுக்குப் பாட்டுச் சொல்லிக்கொடுத்து வாழ்வோர் இருக்கக்கூடும். ஆண்டு விழாவிற்கு விருந்தினரைத் தேடும்போது அவர்களையும் நினைப்போமாக. பாகவதரின் குரலை இன்று எந்நேரமும் கேட்கலாம். ஆனால் அதற்கு நாம் எழுப்பும் கரவொலி அவர் செவியை எட்டாது. அருகில் இருப்போருக்கு அது எட்டும்.