போர் நிறுத்திவைத்த ஆய்வு: அல்பேர்ட் கூன்ஸின் கதை

வன்னியில் மின்சாரம் இல்லாத காலத்தில் நாங்கள் நுணுக்குக்காட்டியின் அடியில் இருக்கும் கண்ணாடியை வெயில் பக்கம் திருப்பித்தான் குருதியில் மலேரியாக் கிருமியைத் தேடினோம். மேகம் மூடினால் வேலை நின்றுவிடும். 1995 இடப்பெயர்வோடு என் ஆய்வுகூடப் பயிற்சி பாதியில் நின்றுபோயிருந்தது. சிறிய மருத்துவ நிலையமொன்றில் உதவியாளனாக இருந்தேன். 2002 சமாதான காலத்தில்தான் மீண்டும் படிக்கப் போனேன்.

பல வருடங்களுக்குப் பிறகு ஒருநாள், இருட்டறை ஒன்றில் வேறுவகையான நுணுக்குக்காட்டியினூடாகப் பார்த்தேன். கறுப்புப் பின்னணியில் பச்சை அப்பிள் நிறத்தில் புள்ளிகள் ஒளிர்ந்தன. நோயாளி ஒருவரின் குருதியில் இருந்த பிறபொருளெதிரிகளே அந்த வெளிச்சத்துக்குக் காரணம். இந்த முறையைக் கண்டுபிடித்தவர் யார் என்று தேடியபோது அல்பேர்ட் கூன்ஸ் என்ற பெயர் கிடைத்தது. அவருடைய ஆய்வையும் ஒரு போர் இடையில் நிறுத்தியது என்று அறிந்த நாள்முதல் அந்த மனிதரை எனக்கு நெருக்கமானவராக நினைக்கத் தொடங்கினேன்.

கூன்ஸ் 1912 ஜூன் 28 இல் அமெரிக்காவின் நியூயோர்க் மாநிலத்திலுள்ள குளோவர்ஸ்வில் என்ற ஊரில் பிறந்தார். கையுறை செய்யும் தொழிலால் பெயர்பெற்ற ஊர் அது. 1937 இல் ஹார்வர்ட் மருத்துவக் கல்லூரியில் பட்டம் பெற்றார். 1939 கோடையில் அவர் பெர்லினில் இருந்தார். உலகப் போர் வெடிக்கச் சில வாரங்களே இருந்தன. அங்கே அவர் மனதில் ஓடியது ஒரு நோயைப் பற்றிய கேள்வி. தொண்டையில் ஸ்ரெப்ரோகொக்கஸ் பற்றீரியா தொற்றிய சில பிள்ளைகளுக்குச் சில வாரங்களின் பின் வாதக் காய்ச்சல் வந்து இதயத்தைப் பாதிக்கிறது. எங்கள் ஊர்களிலும் மூன்று, நான்கு வாரத்துக்கொரு தடவை பென்சிலின் ஊசிக்காக வைத்தியசாலைக்குப் போகும் பிள்ளைகளைக் கண்டிருப்பீர்கள். அதே நோய்தான். இதயத்தில் தோன்றும் அந்தச் சிறு புண்களுக்குள் பற்றீரியாவின் பகுதிகள் இருக்கின்றனவா என்பதே கூன்ஸின் கேள்வி. இருந்தால் அவற்றை எப்படிக் கண்ணால் காண்பது?

குறித்த ஒரு கிருமிக்கு எதிராக உடல் உருவாக்கும் பிறபொருளெதிரி அந்தக் கிருமியைத் தேடிப்போய் ஒட்டும். ஆகவே அதில் ஒரு நிறத்தைப் பிணைத்தால் அது ஒட்டிய இடம் தெரியவேண்டும். சாதாரண சாயத்தைப் பிணைத்துப் பார்த்தவர்கள் முன்னரே இருந்தார்கள். ஆனால் மெல்லிய இழையத் துண்டில் ஒட்டும் சாயம் மிகச் சொற்பம், கண்ணுக்குத் தெரியாது. பகலில் மின்மினியைக் காணமுடியாது, இருட்டில் ஒன்று பறந்தாலும் தெரியும். கூன்ஸ் எண்ணியதும் அதுதான். கண்ணுக்குத் தெரியாத புறஊதாக் கதிரை உறிஞ்சி, கண்ணுக்குத் தெரியும் ஒளியாக வெளிவிடும் பொருளைப் பிணைத்தால், இருண்ட பின்னணியில் சிறு அளவும் தெரியும்.

பொஸ்ரன் திரும்பிய அவர், ஹார்வர்டில் ஜோன் எண்டர்ஸின் ஆய்வுகூடத்தில் வேலையைத் தொடங்கினார். இரசாயனவியலாளர்களான ஹியூ கிரீச்சும் நோர்மன் ஜோன்ஸும் துணைநின்றார்கள். 1941 இல் வந்த முதல் கட்டுரையில் அந்திரசீன் என்ற பொருளைப் பிணைத்தார்கள். அது நீலமாக ஒளிர்ந்தது. ஆனால் உடல் இழையங்களும் இயல்பாகவே நீலமாக ஒளிர்வதால் இரண்டையும் பிரித்தறிவது கடினமாயிற்று. ஆகவே பச்சையாக ஒளிரும் புளோரசீனுக்கு மாறினார்கள். ஏர்ன்ஸ்ட் பேர்லினர் அதைப் புரதத்தோடு பிணையக்கூடிய வடிவில் தயாரித்தார். 1942 இல், நியூமோனியாக் கிருமியின் பொருளை இழையத்தில் பச்சை ஒளியாகக் காட்டினார்கள்.

இந்தச் சாயத்தைத் தயாரிக்க பொஸ்ஜீன் என்ற வாயு தேவைப்பட்டது. முதலாம் உலகப் போரில் மனிதர்களைக் கொன்ற நச்சுவாயு அது. அதே 1942 இல் அதே ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தில் லூயி ஃபீசர் என்ற இரசாயனவியலாளரின் குழு நேபாம் எரிகுண்டை உருவாக்கியது. குண்டுகளின் கீழ் வாழ்ந்த எங்களுக்கு இதை வாசித்துவிட்டுச் சும்மா கடந்துபோக முடியாது. ஒரே பல்கலைக்கழகத்தில், ஒரே வருடத்தில் இரண்டும் நடந்தன.

அந்த ஆண்டிலேயே கூன்ஸ் இராணுவ மருத்துவப் பிரிவில் சேர்ந்து தென்மேற்குப் பசிபிக் போர்முனைக்குப் போனார். ஆய்வு அப்படியே நின்றது. 1946 இல்தான் திரும்பினார். மெல்வின் கப்லானோடு சேர்ந்து முறையைத் திருத்தி 1950 இல் வெளியிட்டார். அதன் பிறகே உலகம் அதைக் கையில் எடுத்தது. 1958 இல் வேறு ஆய்வாளர்கள் தயாரிக்க இலகுவான, நீண்டநாள் கெடாத சாய வடிவமொன்றைத் தந்ததும் சாதாரண ஆய்வுகூடங்களுக்கும் அது எட்டியது.

குருதிப் பரிசோதனைக்கு வழி திறந்தது 1954 இல். தோமஸ் வெல்லரோடு சேர்ந்து கொப்புளிப்பான் வைரசில் கூன்ஸ் மறைமுக முறையைப் பயன்படுத்தினார். நாங்கள் இன்றும் செய்வது அதுதான். கண்ணாடித் தகட்டில் தெரிந்த கிருமி இருக்கும். நோயாளியின் குருதியிலிருந்து பிரித்த நீர்ப்பாயத்தை அதில் இடுவோம். பிறபொருளெதிரி இருந்தால் ஒட்டும். கழுவுவோம். பின்னர், மனிதப் பிறபொருளெதிரியில் ஒட்டக்கூடிய ஒளிரும் பொருளை இடுவோம். மீண்டும் கழுவி இருட்டில் பார்ப்போம். பச்சை தெரிந்தால் அந்தக் கிருமியை நோயாளியின் உடல் முன்னரே சந்தித்திருக்கிறது.

ஸ்கிரப் டைபஸ் என்ற உண்ணிக் காய்ச்சலை உறுதிசெய்ய இன்றும் உலகெங்கும் அளவுகோலாக இருப்பது இந்த முறைதான். வடக்கிலும் அந்த நோய் இருப்பதை மருத்துவ ஆய்வுகள் பதிவுசெய்துள்ளன. பற்றை மண்டிய வளவைத் துப்பரவாக்கியவருக்கு நாட்கணக்கில் காய்ச்சல் நின்று, உடலில் எங்காவது கறுத்த பொருக்கும் இருந்தால் அதை வைத்தியரிடம் காட்டவேண்டும். பழைய தொற்றின் பிறபொருளெதிரியும் குருதியில் தங்கியிருக்கும் என்பதால் ஒரு தடவை பார்த்தது போதாது. இரண்டு வாரமளவில் இடைவெளி விட்டு மீண்டும் குருதி எடுத்து, அளவு நான்கு மடங்கு ஏறியிருக்கிறதா என்று பார்ப்போம். அதுவரை மருந்து காத்திருக்காது. வைத்தியர்கள் உடனே தொடங்கிவிடுவார்கள். லூபஸ் நோயை அறியும் பரிசோதனையும், எச்.ஐ.வி. தொற்றியவரின் வெண்குழியங்களை எண்ணும் முறையும் இதே வழியில் வந்தவை.

1959 இல் கூன்ஸுக்கு லாஸ்கர் விருது கிடைத்தது. பெர்லினில் எழுந்த கேள்விக்கு அவர் எதிர்பார்த்த விடை கிடைக்கவில்லை. வாதக் காய்ச்சல் நோயாளிகளின் குருதியில் இதயத் தசையிலேயே ஒட்டும் பிறபொருளெதிரிகள் இருப்பதை, இதே முறையால் பின்னர் காட்டியவர் கப்லான். 1978 செப்டெம்பர் 30 இல் கூன்ஸ் காலமானார்.

அவரையும் எங்களையும் ஒரே தட்டில் வைக்க நான் விரும்பவில்லை. அவர் திரும்பி வந்தபோது ஹார்வர்டும் ஆய்வுகூடமும் இருந்த இடத்திலேயே இருந்தன. எங்களில் பலருக்குத் திரும்பிப்போக வீடும் இல்லை, பள்ளிக்கூடமும் இல்லை. என்னோடு பயிற்சி தொடங்கியவர்களில் சிலர் உயிரோடும் இல்லை. ஆனாலும் என்னிடம் பழக வரும் பிள்ளைகளில் யாராவது வயது பிந்திவிட்டது என்று கூச்சப்பட்டால், ஒரு தாளில் 1942, 1950 என்று இரண்டு ஆண்டுகளை எழுதிக் காட்டுவேன். அதன் கீழே 1995, 2002 என்று என்னுடையதையும் எழுதுவேன். பிறகு விளக்கை அணைத்துவிட்டு வேலையைத் தொடங்குவோம்.