ஆடுகளத்தில் ஒரு மறைப்பணியாளர்

உச்சமுனை மணலில் மாலைதோறும் பந்தடிக்கும் நம் பிள்ளைகள் அருட்தந்தை யூஜின் ஜோன் ஹேபியர் அடிகளாரை அறிந்திருக்க மாட்டார்கள். அவர் பணியாற்றியது கீழைக் கரையில். 1923இல் அமெரிக்காவின் லூசியானா மாநிலத்தில் பிறந்து, இயேசு சபையில் சேர்ந்து, 1948இல் இலங்கை வந்தவர். மட்டக்களப்பு புனித மிக்கேல் கல்லூரியின் கூடைப்பந்துப் பயிற்றுநராக விளங்கி, அதன் அணியை நாடறியச் செய்தார்.

குருவானவருக்குப் பந்தாட்டம் எதற்கு என்று கேட்போர் இன்றும் உளர். ஐவர் ஆடும் அவ்விளையாட்டில், பந்தைத் தோழனுக்குக் கொடுக்க மனமில்லாதவன் தன் அணியையே தோற்கடிக்கிறான். ஒரு மணிநேர மறையுரையிலும் இளைஞர் மனத்தில் இப்பாடம் பதிவது அரிது.

1990 ஆகஸ்டில் கிழக்கிலே தமிழரும் முஸ்லிம்களும் கொல்லப்பட்டுக்கொண்டிருந்தனர். ஊரை விட்டு வெளியே செல்ல எவரும் அஞ்சிய அந்நாட்களில், 66 வயதான அடிகளார் வாழைச்சேனைக்குச் சென்றார். அங்கிருந்த அருட்சகோதரிகளின் பாதுகாப்பே அவருடைய கவலை. ஆகஸ்ட் 15, அன்னையின் விண்ணேற்புப் பெருவிழா. அன்று தமிழ் இளைஞர் ஒருவருடன் மட்டக்களப்புக்குத் திரும்பப் புறப்பட்டார். ஏறாவூரைக் கடந்தே வரவேண்டும். இருவரும் வந்துசேரவில்லை. அவர்களுடைய உடல்களும் இன்றுவரை கிடைக்கவில்லை.