பிள்ளை பெறாத பெருந்தாய்

நம் காலனி வீடுகளின் கூடத்துச் சுவர்களில் காலஞ்சென்ற பாட்டிமாரின் படங்கள் சந்தனப் பொட்டும் மாலையுமாக விளங்குவதை அன்பர்கள் அறிவர். பத்துப் பெற்று எட்டை வளர்த்து ஆளாக்கியவர் என்று அவருள் ஒருவரைச் சுட்டிக் கூறுங்கால், கூறுவோர் குரலில் பெருமிதம் தானே வந்து சேர்கின்றது. அம்மூதாட்டியர் வரிசையில் வைத்து எண்ணத்தக்க ஒருவருடைய வரலாற்றை இவ்வாண்டு மலரில் எழுத விழைந்தேன். அவர் தம் வயிற்றில் ஒரு மகவும் பெற்றவரல்லர். எனினும் அவர் கைபிடித்து வளர்த்த பெண்மக்கள் மிகப் பலர். அவரே சகோதரி சுப்பலட்சுமி அம்மையார்.

அம்மையார் 1886ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 18ஆம் நாள் சென்னை மயிலாப்பூரில் பிறந்தார். தந்தையார் சுப்பிரமணிய ஐயர்; தாயார் விசாலாட்சி. மூத்த மகளாகிய சுப்பலட்சுமி கல்வியில் மிகுந்த கூர்மை உடையவராயிருந்தார். ஒன்பதாம் வயதில் நான்காம் வகுப்புப் பொதுத் தேர்வு எழுதிச் செங்கற்பட்டு வட்டாரத்தில் முதன்மையாகத் தேறினார்.

பதினோராம் வயதில் அவருக்கு மணம் முடித்தனர். அந்நாளைய வழக்கம் அது. மணமான சின்னாட்களிலேயே கணவர் இறந்தார். திருமணம் இன்னது என்று அறியாத சிறுமி கைம்பெண் ஆனாள்.

அக்காலத்தில் அந்நிலை எய்திய அந்தணச் சிறுமிக்கு நேர்ந்தது என்ன என்பதை இந்நாளைய இளையோர் அறிந்திருத்தல் அரிது. தலை மழிக்கப்படும். வண்ணப் புடவையும் வளையலும் பூவும் பறிக்கப்படும். ஒருவேளை உணவும், அடுக்களையின் இருண்ட மூலையும், ஓயாத வேலையும் எஞ்சும். விடியற்காலையில் எதிரே வந்துவிட்டால் அபசகுனம் என்று பெற்ற தகப்பனே முகத்தைத் திருப்பிக்கொள்வான். குற்றம் என்ன செய்தாள் அக்குழந்தை?

சுப்பலட்சுமியின் பெற்றோர் அவ்வழியே செல்லவில்லை. மகளின் கூந்தலை மழிக்க இசையாது, அவர் கையில் புத்தகத்தைக் கொடுத்தனர். சுற்றத்தாரின் ஏச்சைத் தாங்கிக்கொண்டு அவர்கள் எடுத்த இம்முடிவே பின்னர் நிகழ்ந்த அனைத்திற்கும் வித்து. பெருமையில் ஒரு பங்கைச் சிற்றன்னை வாலாம்பாளுக்கும் அளித்தல் வேண்டும். அவரும் இளமையிலேயே கணவரை இழந்தவர். சுப்பலட்சுமிக்குத் துணையாக வாழ்நாள் முழுதும் உடன் நின்றவர். கிறித்தவக் கன்னித்துறவியர் நடத்திய பள்ளியில் பயின்ற அம்மையார், பின்னர்ச் சென்னை மாநிலக் கல்லூரியிற் சேர்ந்து, 1911ஆம் ஆண்டு முதல் வகுப்பில் பட்டம் பெற்றார். சென்னை மாகாணத்தில் பட்டம் பெற்ற முதல் இந்துப் பெண் அவரே.

பட்டம் பெற்றவர் தம்மளவில் ஒரு நல்ல உத்தியோகம் தேடிக்கொண்டு அமைந்திருக்கலாம். எவரும் குறை கூறியிரார். அவரோ தம்மைப் போன்ற பிற சிறுமியரை எண்ணினார். அந்நாளில் பெண்கள் பள்ளிகளின் மேற்பார்வையாளராக இருந்த லிஞ்ச் என்னும் வெள்ளைக்கார மாதரசி வேறொரு கவலையில் ஆழ்ந்திருந்தார். பெண்களுக்குப் பள்ளி திறந்தாலும் கற்பிக்க ஆசிரியைகள் இல்லை. ஆண் ஆசிரியரிடம் பெண்ணை அனுப்பப் பெற்றோர் இசைவதில்லை. மணமான பெண்கள் வெளியே வேலைக்கு வருவதும் இல்லை. ஒருபுறம் வாழ்வற்ற சிறுமியர். மறுபுறம் ஆசிரியரற்ற பள்ளிகள். இவ்விரு குறைகளையும் ஒன்றோடொன்று பொருத்தினால் இரண்டும் தீரும் என்று கண்டதே அம்மையாரின் நுண்ணறிவு. எந்த முகத்தைக் காலையிற் காணலாகாது என்று ஊர் ஒதுக்கிற்றோ, அந்த முகத்தையே ஊர்ப்பிள்ளைகள் காலைதோறும் வணங்கி எழுத்தறிவு பெறும்படி செய்துவிட்டார்!

1912ஆம் ஆண்டு எழும்பூரில் தந்தையார் வீட்டிலேயே நான்கு சிறுமியருடன் இல்லம் தொடங்கிற்று. அவ்வாண்டே சாரதா மகளிர் சங்கமும் தோன்றிற்று. சமையலை மேற்பார்த்தவர் சிற்றன்னை வாலாம்பாள். பாடம் சொல்லிக் கொடுத்தவர் அம்மையார். வந்த சிறுமியர் முதலில் கற்க வேண்டியிருந்தது எண்ணும் எழுத்தும் அன்று. வயிறார உண்ணலாம், வாய்விட்டுச் சிரிக்கலாம், ஓடி விளையாடலாம், அதனால் பாவம் ஒன்றும் வந்துவிடாது என்பதையே அவர்கள் முதலில் கற்க வேண்டியிருந்தது. பிள்ளை வளர்த்த தாய்மார்க்கு இது எத்துணைப் பொறுமை வேண்டும் பணி என்பதை விளக்க வேண்டுவதில்லை.

சிறுமியர் தொகை பெருகவே இடம் போதவில்லை. கைம்பெண்கள் கூட்டமாக வாழ வாடகைக்கு வீடு தருவோரும் அரியர். இறுதியில் அரசினர் 1917ஆம் ஆண்டு வாங்கிய கடற்கரைக் கட்டடமாகிய ஐஸ் ஹவுஸ் அவர்களுக்குப் புகலிடமாயிற்று. அமெரிக்காவிலிருந்து கப்பலில் வந்த பனிக்கட்டியைச் சேமிக்கக் கட்டப்பட்டது அது. 1897ஆம் ஆண்டு விவேகானந்தர் ஒன்பது நாள் தங்கிய பெருமையும் அதற்கு உண்டு. இருட்டறைகளில் அடைபட்டிருந்த பெண்கள் அங்கே கடற்காற்றில் நின்று பாடம் படித்தனர். அதற்கு அருகிலேயே மீனவர் குப்பத்துப் பிள்ளைகளுக்கும் அம்மையார் ஒரு பள்ளி நடத்தினார்.

ஒன்றை மறைக்காமல் கூறல் வேண்டும். அவ்வில்லம் தொடக்கத்தில் அந்தணக் கைம்பெண்களுக்கென்றே அமைந்தது. ஆசாரம் வழுவாமல் சமையல், பூசை, நோன்பு யாவும் நடைபெற்றன. மறுமணத்தை அம்மையார் முன்னிறுத்திப் பேசவில்லை. சீர்திருத்தவாதிகளுக்கு இது போதவில்லை. வைதிகர்க்கோ இதுவே மிகையாயிற்று. சாதி வரம்பு குறையே என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆயினும் ஆசாரத்தில் சிறிது வழுவினாலும் பெற்றோர் பெண்ணைத் திரும்ப அழைத்துக்கொண்டு போய்விடுவர். போன பெண் மீண்டும் அடுக்களை மூலைக்கே போவாள். கொள்கை முழக்கத்தினும் கையிலுள்ள குழந்தையே பெரிது என்று அவர் கருதினார் போலும். தாயானவள் எண்ணுவதும் அப்படித்தானே?

எனினும் அவர் அஞ்சி அடங்கியவர் என்று எவரும் கருதற்க. அரசாங்க ஊழியர் பொதுச் சங்கங்களில் ஈடுபடலாகாது என்ற தடை இருந்தும், மாதர் இயக்கங்களுக்கு அமைதியாகத் துணைநின்றார். 1929ஆம் ஆண்டின் குழந்தைமணத் தடைச் சட்டத்தை ஆதரித்து உழைத்தார். தமக்கு நேர்ந்தது இன்னொரு குழந்தைக்கு நேராவண்ணம் வேரையே வெட்ட முயன்றார் எனலாம்.

1922ஆம் ஆண்டு தோன்றிய லேடி வெலிங்டன் ஆசிரியப் பயிற்சிக் கல்லூரிக்கு அவரே முதல் தலைவியானார். 1927ஆம் ஆண்டு சாரதா வித்யாலயம் எழுந்தது. பின்னாளில் அது இராமகிருஷ்ண இயக்கத்தார் பொறுப்பில் சேர்ந்தது. பணி ஓய்வு பெற்ற பின்பும் அவர் ஓயவில்லை. 1942ஆம் ஆண்டு மயிலையில், வயது கடந்து கற்க வந்த பெண்களுக்காக ஸ்ரீ வித்யா கலாநிலையத்தைத் தொடங்கினார். 1956ஆம் ஆண்டு தோன்றிய வித்யா மந்திர் பள்ளியிலும் அவர் பங்கு உண்டு. சட்ட மேலவையில் உறுப்பினராகவும் இருந்தார். 1958ஆம் ஆண்டு பத்மஸ்ரீ விருது வந்தது.

அவரிடம் பயின்ற பெண்கள் ஊதியம் பெறும் ஆசிரியைகளாயினர், தலைமையாசிரியைகளானோரும் உண்டு. சோற்றுக்குப் பாரம் என்று ஒதுக்கப்பட்ட மகள், திங்கள்தோறும் வீட்டிற்குப் பணம் அனுப்பித் தம்பியரைப் படிக்க வைப்பவளாக மாறினாள். இன்று நம் காலனிப் பெண்மணிகள் வங்கிக்கும் அலுவலகத்திற்கும் பள்ளிக்கும் காலைப் பேருந்தில் செல்வதைக் காணும்போதெல்லாம், அவர்கள் பாட்டிமார்க்கு முதலெழுத்துக் கற்பித்த ஆசிரியை யாரோ, அவ்வாசிரியைக்குக் கற்பித்தவர் யாரோ என்று என் மனம் பின்னோக்கிச் செல்வதுண்டு.

1969ஆம் ஆண்டு டிசம்பர் 20ஆம் நாள், எண்பத்து மூன்றாம் வயதில் அம்மையார் காலமானார்.

விடுமுறைக்குச் சென்னை செல்லும் அன்பர்கள் பிள்ளைகளைக் கடற்கரைக்கு அழைத்துச் செல்லாதிருப்பதில்லை. அங்கே திருவல்லிக்கேணிப் பக்கம், சாலையை நோக்கி வளைந்த முகப்புடன் நிற்கும் பழைய கட்டடம் இன்று விவேகானந்தர் இல்லம் எனப்படுகின்றது. அதன் மேல்மாடத்தைப் பிள்ளைகளுக்குச் சுட்டிக்காட்டுங்கள். தம் கூந்தல் மீண்டும் வளர்வதைத் தொட்டுத் தொட்டுப் பார்த்த சிறுமியர் வாழ்ந்த இடம் அது.