வாதவூரர் காத்த சொற்கள்

மேலூருக்கு அருகே வயலும் கண்மாயும் சூழ்ந்த திருவாதவூர் நான் பிறந்த ஊர். மணிவாசகப் பெருமானை ஈன்ற மண் என்னும் பெருமை அதற்கு உண்டு. சிறுவயதில் அவரைக் கோயிலில் தொழுதேன். கல்லூரிக்கு வந்த பின்னரே படித்தேன்.

அவர் காலம் கி.பி. 9-ஆம் நூற்றாண்டு என்பர் அறிஞர் பலர். கல்வியிற் சிறந்த அவர் பாண்டியனுக்கு அமைச்சராகித் தென்னவன் பிரமராயன் என்னும் பட்டமும் பெற்றார். குதிரை வாங்கப் பொன்னோடு சென்றவர், திருப்பெருந்துறையில் குருந்த மரத்தடியில் குருவைக் கண்டார். பொன் முழுவதும் திருப்பணிக்குச் செலவாயிற்று. அரசன் சினந்து சிறையிலிட்டான். நரி பரியானதும், வையை பெருகியதும், பிட்டுக்கு இறைவன் மண் சுமந்ததும் மதுரைப் பிள்ளைகள் அனைவரும் அறிந்த புராணக் கதைகள். பின்னர்ப் பதவி துறந்து, தலங்கள்தோறும் பாடிச் சென்று, தில்லையில் இறைவனோடு கலந்தார் என்பது மரபு.

என்னை ஈர்த்தது வேறொன்று. அரசவைத் தமிழ் அறிந்த அமைச்சர், தம் பாட்டுக்குப் பெண்களின் முற்றத்தை நாடினார். திருவாசகத்தின் 51 பகுதிகளுள் பல, மகளிர் வேலையிலும் விளையாட்டிலும் பாடிய வடிவங்களே. உரலில் மணப்பொடி இடிக்கையில் பொற்சுண்ணம், மலர் கொய்கையில் பூவல்லி, ஊஞ்சலில் பொன்னூசல், ஒருத்தி வினவ மற்றொருத்தி விடை கூறினால் சாழல். ஆட்டங்கள் பல மறைந்தன. அவற்றின் பெயர்கள் அவர் பாட்டில் வாழ்கின்றன.

தேர்வுக்காக ஒருநாள் அம்மானை என்ற சொல்லுக்கு அகராதியில் பொருள் தேடிக்கொண்டிருந்தேன். திண்ணையில் இருந்த அப்பத்தா சிரித்துக்கொண்டே மூன்று கழற்சிக்காய்களை எடுத்து வந்தாள். ஒன்றும் தரையில் விழாமல் மாறிமாறி எறிந்து பிடித்துக் காட்டினாள். ஒரு பாட்டும் பாடினாள். அகராதியில் ஒரு வரியாய்க் கிடந்த சொல் அவள் கையில் உயிர்பெற்றது. அடுத்த விடுமுறையில் பாட்டை எழுதிக்கொள்ளலாம் என்று இருந்துவிட்டேன். அவ்விடுமுறைக்கு நான் ஊர் சென்றபோது அப்பத்தா இல்லை. காய்கள் மட்டும் மாடக்குழியில் இருந்தன.

வாதவூரர் தம் காலத்துச் சொற்களைக் காத்தார். அவர் ஊரிற் பிறந்த நான் ஒரு பாட்டை இழந்தேன். மாணவ நண்பர்களே, இவ்விடுமுறையில் ஒரு குறிப்பேட்டுடன் உங்கள் வீட்டுத் திண்ணைக்குச் செல்லுங்கள். நாளை என்று தள்ளிவிடாதீர்கள்.