அறிஞர் சித்திலெவ்வை

மடவளை முதலிய ஊர்கள் சூழ்ந்த கண்டி மாநகரில் 1838ஆம் ஆண்டு தோன்றியவர் முகம்மது காசிம் சித்திலெவ்வை. வழக்கறிஞராகப் பெரும்பொருள் ஈட்டியிருக்கலாம். அவர் உள்ளமோ கல்வியையே நாடிற்று.

மிஷனரிப் பாடசாலைக்கு அனுப்பினால் சமயம் நழுவுமென அஞ்சிய முஸ்லிம் பெற்றோர், பிள்ளைகளைக் குர்ஆன் பள்ளிக்கூடத்தோடு நிறுத்திக்கொண்டனர். அவ்வச்சத்தை அவர் எள்ளி நகையாடவில்லை. அதனையே அவரது பெருந்தன்மை என்பேன். மரபுவழி வந்த அரபையும் தமிழையும், புதுமையாக வந்த ஆங்கிலத்தையும் ஒரே கூரையின்கீழ்க் கற்பிக்கப் பாடசாலைகள் கண்டார்; பாடநூல்களையும் தாமே எழுதினார். 1882இல் அவர் தொடங்கிய ‘முஸ்லிம் நேசன்’ இதழ் இக்கருத்தைப் பரப்பிற்று. எகிப்திலிருந்து நாடுகடத்தப்பட்டு வந்த ஒராபி பாஷாவும் துணைநின்றார்.

கண்டியில் பெண்களுக்கும் பாடசாலை அமைத்தார். அந்நாளில் அஃது எளிய செயலன்று! அங்கே கற்பித்தவர் அவர்தம் சகோதரி முத்து நாச்சியா.

1892இல் வாப்பிச்சி மரைக்கார் முதலியோருடன் கொழும்பு மருதானையில் அவர் தோற்றுவித்த பாடசாலையே பின்னர் சாகிராக் கல்லூரி ஆயிற்று. ஆறே ஆண்டுகளில், 1898இல், அவர் மறைந்தார்.